ஆறாயிரம் கடிதங்களும் ஒரு நிய்யத்தும்: ‘க்ளவுஸ்’ அசைவூட்டத் திரைப்படத்தை முன்வைத்து

நத்தார் காலத்தைக் குறிவைத்து எடுக்கப்படும் குடும்பத் திரைப்படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நிறையப் பனி கொட்ட வேண்டும். யாராவது ஒரு பிள்ளை தனித்திருக்க வேண்டும். நத்தார் தாத்தா என்று ஒருவர் இல்லவே இல்லையென அடித்துச் சொல்பவர், இறுதியில் கண்கலங்கி நம்ப வேண்டும். இந்த வாய்ப்பாட்டில் வந்துபோன படங்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை பற்றி எழுதுவதற்கு எதுவுமில்லை. ஸ்பானிய நெறியாளர் செர்ஜியோ பப்லோஸின் ‘க்ளவுஸ்’ பற்றி எழுத இருக்கிறது. 2019 நவம்பரில் வந்த இப்படம், நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சொந்தப் படைப்பாக வெளியிட்ட முதலாவது முழுநீள அசைவூட்டச் சித்திரம். அடுத்த ஆண்டில் பிரித்தானியாவின் பஃப்டா விருதும் ஏழு அன்னி விருதுகளும் இதற்குக் கிடைத்தன. ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டது, அங்கே ‘டோய் ஸ்டோரி 4’ வென்றது.

விருதுகள் ஒருபுறம் கிடக்கட்டும். ஒரு நற்செயலுக்கும் அதன் பின்னாலுள்ள எண்ணத்துக்கும் இடையிலான உறவைச் சிறுபிள்ளைக்கும் விளங்கும் கதையாக இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு படம் அண்மைக்காலத்தில் என் கண்ணில் படவில்லை. நிய்யத் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த வாசகர்களுக்கு இப்படத்தில் கிடைப்பது, அச்சொல்லை அறியாதவர்களுக்குக் கிடைப்பதை விடச் சற்றுக் கூடுதலானது என்றே நினைக்கிறேன்.

எம்மவர் மத்தியில் இத்தகைய படங்களுக்கு இரண்டு வகையான எதிர்வினைகள் வருவதுண்டு. ‘நத்தார் படம் எமது பிள்ளைகளுக்கு எதற்கு?’ என்பது ஒன்று. ‘இதில் மதம் எங்கே இருக்கிறது, எல்லாம் மனிதநேயம்தானே’ என்பது மற்றது. இரண்டுமே படத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடியவை. படத்தைப் பார்த்தால் இரண்டிலும் நின்றுகொள்வது கடினமாகிவிடும்.

கதையின் நாயகன் நத்தார் தாத்தா அல்லன். ஜெஸ்பர் என்றொரு இளைஞன். அரச தபால் மா அதிபரின் மகன். பட்டு விரிப்பில் புரண்டு வளர்ந்தவன். தபால் பயிற்சிக் கல்லூரியில் வேண்டுமென்றே தேறாமல் காலத்தை ஓட்டுகிறான். பொறுமையிழந்த தந்தை, வட துருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள ஸ்மீரன்ஸ்பேர்க் என்னும் தீவு ஊருக்கு அவனைத் தபாலதிபராக அனுப்பிவைக்கிறார். ஒரே வருடத்தில் ஆறாயிரம் கடிதங்களுக்கு முத்திரை குத்த வேண்டும். தவறினால் சொத்தும் இல்லை, பட்டு விரிப்பும் இல்லை.

அந்த ஊரில் கடிதம் எழுதுவார் எவருமில்லை. குரும், எலிங்போ ஆகிய இரு குலங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அடித்துக்கொள்கின்றன. பகைக்குக் காரணம் எவருக்கும் தேவைப்படவில்லை. முன்னோர் அடித்துக்கொண்டார்கள் என்பதே போதுமான காரணம். குலத் தலைவர்கள் அந்தப் பகையை ஒரு முதுசமாகப் பேணுகிறார்கள். எதிரிக் குலத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருத்த விரும்பாமையால் எவரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. படிப்பிக்க வந்த அல்வா என்ற ஆசிரியை (எமது இனிப்புப் பண்டத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) வகுப்பறையையே மீன்கடையாக்கி, ஊரைவிட்டு ஓடிப்போவதற்குக் காசு சேர்க்கிறார். கரும்பலகைக்கு முன்னால் மீன் வெட்டும் அந்தக் காட்சி சில வினாடிகள்தான். ஒரு சமூகத்தின் வீழ்ச்சியைச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஊரின் பெயர் முழுக்கக் கற்பனையானதல்ல. நோர்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஸ்மீரன்பேர்க் என்றொரு இடம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் திமிங்கிலம் பிடித்து, அதன் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்த குடியிருப்பு அது. கொழுப்பு நகரம் என்பதே பெயரின் பொருள். அந்த நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டு இன்று அகழ்வாராய்ச்சிக்குரிய இடமாகக் கிடக்கிறது. ஒரு பேராசையின் எச்சத்திலிருந்து தன் ஊரின் பெயரைப் பப்லோஸ் எடுத்துக்கொண்டது கதைக்குப் பொருந்தவே செய்கிறது.

ஊருக்கு வெகுதூரத்தில், காட்டில் தனியே வாழும் விறகுவெட்டி க்ளவுஸ். அவனுடைய வீடு நிறைய விளையாட்டுப் பொருட்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு சிறுவன் வரைந்த சோகச் சித்திரம் தற்செயலாக அவன் கைக்குக் கிடைக்கிறது. அன்றிரவே ஜெஸ்பரை மிரட்டி அழைத்துச் சென்று அந்தப் பிள்ளைக்கு ஒரு பொம்மைத் தவளையைச் சேர்ப்பிக்கிறான். மறுநாள் செய்தி பரவுகிறது. க்ளவுஸுக்குக் கடிதம் எழுதினால் விளையாட்டுப் பொருள் கிடைக்குமாம்! ஜெஸ்பரின் மூளை உடனே கணக்குப் போடுகிறது: ஒரு பொம்மை, ஒரு கடிதம், ஒரு முத்திரை.

இந்த இடத்திலிருந்துதான் படம் தன் உண்மையான வேலையைத் தொடங்குகிறது. கடிதம் எழுத எழுத்துத் தெரிய வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைகளை ஜெஸ்பர் பள்ளிக்கு விரட்டுகிறான். அவனுக்குக் கல்வியில் அக்கறை கிடையாது. முத்திரைக் கணக்கில்தான் அக்கறை. பிள்ளைகளுக்கும் கல்வியில் அக்கறை கிடையாது, பொம்மையில்தான் அக்கறை. அல்வாவோ வேண்டாவெறுப்பாகவே கரும்பலகையைத் துடைக்கிறார். எவரிடமும் தூய எண்ணம் என்று எதுவுமில்லாத நிலையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. சற்றுப் பின்னர், ஊரைவிட்டுப் போகச் சேர்த்துவைத்த காசை எடுத்து அந்த ஆசிரியை பாடப் பொருட்கள் வாங்குகிறார். அதை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

கெட்ட பிள்ளைகளுக்குப் பரிசில்லை என்ற ‘பட்டியல்’ கதையும் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு துடுக்குப் பையன் மேலுள்ள ஆத்திரத்தில் ஜெஸ்பர் பொம்மைக்குப் பதிலாகக் கரித்துண்டுகளை வைத்துவிட்டு வருகிறான். க்ளவுஸ் எல்லாவற்றையும் அறிவார் என்று கதையும் விடுகிறான். பழிவாங்கலும் பொய்யும். அதற்குப் பயந்து பிள்ளைகள் எதிரிக் குலத்தாருக்குக்கூட உதவி செய்யத் தொடங்குகிறார்கள். உதவி பெற்ற பெரியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துப் போய், பதிலுதவி செய்கிறார்கள். ஊர் மெல்ல மெல்ல மனிதர் வாழும் இடமாகிறது.

‘எண்ணம் கெட்டிருந்தால் என்ன, விளைவு நல்லதுதானே?’ என்று படம் சொல்வதாக இதைப் பார்த்த சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். அது மேலோட்டமான வாசிப்பு. எண்ணங்களைக் கொண்டே செயல்கள் மதிப்பிடப்படும் என்ற கருத்துடைய நபிமொழியோடுதான் ஸஹீஹுல் புகாரி தொடங்குகிறது. அறிவிப்பவர் உமர் (ரழி) அவர்கள். உலக இலாபத்துக்காக ஹிஜ்ரத் செய்தவருக்கு அந்த இலாபமே கூலி என்ற கருத்தும் அதன் தொடர்ச்சியில் வருகிறது. ஜெஸ்பர் இந்த வகைப் பயணிதான். ஆறாயிரம் கடிதத்துக்காகப் போனவன். ஆறாயிரம் கடிதமே அவனுக்குரியது. படம் இதை மறுக்கவில்லை. இறுதிப் பகுதியில் அவனுடைய தந்தை வந்து நிற்க, கணக்கு அம்பலமாகும்போது, க்ளவுஸும் அல்வாவும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவன் செய்த நன்மை அத்தனையும் அந்தக் கணத்தில் அவனைக் காப்பாற்றுவதில்லை. விளைவே போதும் என்ற தத்துவம் படத்துக்கு இருந்திருந்தால் அக்காட்சிக்கு அவசியமே இருந்திராது.

அப்படியானால் படம் என்னதான் சொல்கிறது? எனக்கு இங்கே நினைவுக்கு வருபவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் நிய்யத்துக்கும் இஃக்லாஸுக்கும் என்றே ஒரு தனிப் பாகத்தை ஒதுக்கியவர் அவர். உலக நோக்கத்துக்காகக் கல்வியைத் தேடியவர்களை அக்கல்வியே விடாது பற்றி அல்லாஹ்வின் பக்கம் திருப்பியது என்ற அறிஞர்களின் கூற்றொன்றையும் அவர் எடுத்தாண்டு ஆராய்கிறார். எண்ணம் செயலை ஆக்குகிறது என்பதோடு, செயலும் எண்ணத்தை ஆக்கக்கூடும் என்பது அதிலுள்ள நுட்பம். ‘க்ளவுஸ்’ அந்த நுட்பத்துக்கு உருவம் கொடுத்த படம். நெறியாளர் கஸ்ஸாலியைப் படித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. படித்திருக்க வேண்டிய அவசியமுமில்லை.

படத்தின் நடுமையம் மார்கு என்ற சின்னஞ்சிறுமி. அவள் ஸாமி இனத்தவள். நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதிகளிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் ஆதிக்குடிகள் ஸாமியர். ஊராரின் மொழி அவளுக்குத் தெரியாது. அவளுடைய மொழி ஜெஸ்பருக்குத் தெரியாது. ஏதோ சொல்லிக்கொண்டேயிருக்கிறாள். படத்தில் அவள் பேசுவது உண்மையான வட ஸாமி மொழி. குரல் கொடுத்த நேடா மார்கரேத்தே லாபாவும் ஸாமிச் சிறுமியே. முக்கியமான சங்கதி, அவளுடைய பேச்சுக்கு உபதலைப்பு கிடையாது. பார்வையாளராகிய நாமும் ஜெஸ்பரைப் போலவே விழிக்க வேண்டியதுதான். ஒரு மொழியின் சிறுபான்மைத் தன்மையை வசனத்தால் விளக்காமல், பெரும்பான்மைப் பார்வையாளரைச் சில நிமிடம் மொழியற்றவராக இருத்திவைத்து உணர்த்துகிறார் பப்லோஸ். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் வாசலில் நின்றவர்கள் உள்ள நாட்டில் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. நோர்வேயில் ஸாமிப் பிள்ளைகளின் தாய்மொழியைப் பள்ளிகளிலிருந்து அகற்றிய நோர்வேமயமாக்கல் கொள்கை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள் நடைமுறையிலிருந்தது. அக்கொள்கை பற்றி விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குத் தன் அறிக்கையைக் கையளித்தது 2023இல். படத்துக்கு நான்கு ஆண்டுகள் பின்னால்.

அல்வாவின் உதவியோடு அவளுடைய ஆசை விளங்குகிறது. பனியில் சறுக்கிச் செல்ல ஒரு வண்டி வேண்டுமாம். க்ளவுஸோடு ஜெஸ்பருக்கு மனஸ்தாபம் ஏற்பட்டிருக்கும் நேரம் அது. வாழ்நாளில் ஓர் ஆணியைக்கூட அறைந்திராத ஜெஸ்பர் தானே மரத்தை எடுத்துத் தட்டுகிறான், செதுக்குகிறான். பார்க்கச் சகிக்கவில்லை. பின்னர் க்ளவுஸ் வந்து பேசாமல் கைகொடுக்கிறான். இரண்டு ஆண்கள் இரவெல்லாம் வேலை செய்கிறார்கள். வேலையினூடேதான் க்ளவுஸ் தன் கதையைச் சொல்கிறான். லிடியா என்ற மனைவி. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கென்று செய்துவைத்த பொம்மைகள். பிள்ளைகள் வரவேயில்லை. மனைவியும் போய்விட்டாள். நிறைந்திருந்த அந்த வீடு எதனால் நிறைந்திருந்தது என்பது அப்போதுதான் எமக்கு உறைக்கிறது.

மறுநாள் அந்தப் பிள்ளை வண்டியில் சறுக்கி விளையாடுவதை ஜெஸ்பர் மறைவில் நின்று பார்க்கிறான். அவனுடைய முகத்தில் ஏதோ நடக்கிறது. படம் அதற்கு ஒரு வசனமும் வைக்கவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதபடி தர்மம் செய்தவரைப் பற்றிய நபிமொழியை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அதன் இனிப்பு எப்படியிருக்குமென்று ஒரு கதாபாத்திரத்தின் முகத்தில் பார்ப்பது வேறு அனுபவம்.

சிறுவர் இலக்கியம் எழுதுவோர் இப்படத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நல்லது என்பேன். எமது சஞ்சிகைகளின் சிறுவர் பக்கங்களில் வரும் கதைகளில் நல்ல பிள்ளை முதல் வரியிலேயே நல்ல பிள்ளை. பொய் சொன்னவன் கடைசி வரிக்கு முன்னால் கிணற்றில் விழுந்துவிடுவான். தூய நிய்யத்தோடு தொடங்கித் தூய நிய்யத்தோடு முடியும் கதையில் கதைக்கு எங்கே இடமிருக்கிறது? பிள்ளைகளுக்கு இது தெரியும். தம்முடைய எண்ணங்கள் கலப்படமானவை என்பதை அவர்கள் பெரியவர்களை விட நன்றாக அறிந்தவர்கள். மிட்டாய்க்காகக் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன பிள்ளைகள் பிற்காலத்தில் மிட்டாய் இல்லாமலும் ஓதினார்கள். அந்த இடைவெளியில் நடந்ததை எழுத எமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

சித்திரமுறை பற்றியும் சொல்ல வேண்டும். பப்லோஸ் டிஸ்னி நிறுவனத்தில் ‘டார்ஸான்’, ‘ட்ரெஷர் பிளனட்’ போன்ற படங்களில் பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர். கணினி முப்பரிமாணம் வந்து கையால் வரையும் கலையை ஓரங்கட்டிய காலத்தைக் கண்ணால் கண்டவர். மட்ரிட் நகரிலுள்ள தன் கலைக்கூடத்தில் அவர் செய்தது பழைமைக்குத் திரும்பும் ஏக்கமல்ல. உருவங்களை முன்போலவே கையால் வரைந்து, அவற்றின் மேல் ஒளியையும் நிழலையும் படியவைக்கப் புதிய கருவிகளை உருவாக்கினார்கள். அதனால் தட்டையான கோட்டுச் சித்திரம் கன பரிமாணம் பெற்று, விளக்கு வெளிச்சத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. தொடக்கத்தில் ஊர் சாம்பலும் நீலமுமாக, எலும்புபோல் கூர்த்த வீடுகளோடு இருக்கிறது. எந்த இடத்தில் நிறம் மாறத் தொடங்கியது என்று பின்னர் யோசித்தாலும் பிடிபடாது. க்ளவுஸின் உருவம் அவ்வளவு பெரிது. பல சட்டகங்களில் அடங்குவதில்லை.

குறைகளும் உண்டு, சிறியவையல்ல. இரு குலத்துத் தலைமைகளும் சேர்ந்து சதி செய்யும் பின்பாதி, எத்தனையோ படங்களில் பார்த்த துரத்தலாக முடிகிறது. தலைமுறைப் பகையைத் தலைவர் வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணம் ஒரு நகைச்சுவையாகத் தீர்த்துவிடுகிறது. மணமகளான எலிங்போ வீட்டுப் பெண் பருத்த உடம்பும் ஒற்றைச் சொல்லும் மட்டுமே உடையவள். அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது படம். இவ்வளவு மென்மையான படத்தில் அது உறுத்துகிறது. அல்வா முதற்பாதியில் ஓர் ஆளுமை. பிற்பாதியில் நாயகனுக்குக் காத்திருப்பவர். லிடியாவுக்கோ சொந்தக் குரலே இல்லை. ஸாமியரின் சித்திரிப்பில் நான் மேலே மெச்சிய அக்கறை, அவர்கள் கூட்டமாக வந்து பொம்மைப் பட்டறையில் உழைக்கத் தொடங்கியதும் தளர்ந்துவிடுகிறது. பழைய கதையில் குள்ளத் தேவதைகள் செய்த வேலையை இங்கே ஆதிக்குடிகள் செய்கிறார்கள். மார்குவின் பேச்சைக் கேட்கவைத்தவர்கள், அவளுடைய பெரியவர்களையும் இரண்டு வார்த்தை பேசவிட்டிருக்கலாம். உணர்ச்சிகரமான இடத்தில் திடீரென ஒலிக்கும் இன்றைய பொப் பாடல், 19ஆம் நூற்றாண்டின் பனியூருக்குள் யாரோ வானொலியைத் திருப்பிவிட்டது போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நன்மை என்பது இங்கே பெரும்பாலும் பொருளாகவே கைமாறுகிறது. நத்தார் வியாபாரத்தைப் படம் கேள்வி கேட்பதில்லை. கையால் செய்த மரப்பொம்மை என்பதால் அது கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

இனி முதலில் விட்டுவந்த மதத்தின் விடயம். இது நத்தார் படம். ஆனால் ஈஸா (அலை) அவர்களின் பிறப்பு பற்றி ஒரு சொல் இல்லை. பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையோடு தனித்திருந்த தாயின் வரலாற்றை ஸூரத்து மர்யமில் ஓதும் எமக்கு அந்த இல்லாமை சற்று விசித்திரமாகவே படுகிறது. நத்தார் தாத்தாவின் மூலமும் ஒரு மதகுருதான். இன்றைய துருக்கியின் டெம்ரே, அன்றைய மைரா. அங்கே 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நிக்கலஸ். சீதனத்துக்கு வழியில்லாத மூன்று பெண்பிள்ளைகளின் வீட்டுக்குள் இரவில், ஆளறியாமல், அவர் பொன் முடிச்சுகளை எறிந்தார் என்பது ஐதீகம். அவரது எச்சங்கள் 1087இல் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. ஒல்லாந்தரின் சின்டர்க்ளாஸ் வழியாக அமெரிக்கா போய், விளம்பரப் பலகைகளில் சிவந்து பருத்தார். சீதனக் கொடுமை பற்றிப் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதிய எமக்கு, அந்தக் கிழவர் முதன்முதலில் சுமந்தது சீதனக் காசு என்பது தெரிந்திருப்பது நல்லது.

பப்லோஸ் ஆயரையும் எடுக்கவில்லை, விளம்பரக் கிழவரையும் எடுக்கவில்லை. புகைபோக்கி, பறக்கும் கலைமான், சிவப்பு அங்கி, கரித்துண்டு என்று ஒவ்வோர் ஐதீகத்துக்கும் ஓர் அற்பமான, சிரிப்புக்கிடமான, மனிதக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார். கதவு பூட்டியிருந்தது, அதனால் புகைபோக்கி. வண்டி குடைசாய்ந்து எகிறியதைத் தூரத்திலிருந்து ஒரு பிள்ளை பார்த்தது, அதனால் பறக்கும் மான். அற்புதங்களைக் கழற்றிப் பிரித்து மேசையில் பரப்பிவைக்கும் படம் இது. ஒன்றை மட்டும் அவர் பிரிக்கவில்லை. க்ளவுஸைச் சுற்றி அவ்வப்போது ஒரு காற்று எழுகிறது. அந்தச் சிறுவனின் சித்திரத்தை அவன் கையில் சேர்த்ததும் அக்காற்றுத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒருநாள் காற்று மீண்டும் வர, கோடரியை விட்டுவிட்டு, வருகிறேன் என்று மனைவியிடம் சொல்வதுபோல் சொல்லியபடி க்ளவுஸ் அதன் பின்னே நடக்கிறான். பிறகு அவனைக் காணவில்லை. சடலம் இல்லை, கல்லறை இல்லை.

இம்முடிவைப் பகுத்தறிவுக்கு முரணானது, படத்தின் சொந்த விதியையே மீறியது என்று குறைசொல்ல இடமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டு வந்தவன் ஜெஸ்பர்; கதையை எமக்குச் சொல்பவனும் அவனே. கடிதங்களை எண்ணியவன், நாட்களை எண்ணியவன். நண்பன் எங்கே போனான் என்பதற்கு அவனிடம் விளக்கமில்லை. விளங்கிக்கொள்ளும் முயற்சியையும் கைவிட்டுவிட்டான். வருடத்தில் ஓர் இரவு மட்டும், பிள்ளைகள் தூங்கிய பின் விழித்திருந்து, கூரையில் கேட்கப்போகும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறான்.